கடுகு பாட்டிலுக்குப் பின்னால்

“...குடிச்சாருன்னும் சொல்ல மாட்டேன், குடிக்கலன்னும் சொல்ல மாட்டேன், நீ அந்தம்மாகிட்ட லைன் கட்டாயிடிச்சின்னு சொல்லு நைனா” என்றார் அண்ணாத்தே.

பூந்தமல்லியில் என் ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் திரையில், லண்டன் பக்கத்திலிருந்து, ஒரு வெள்ளைக்கார அம்மாள் பேனாவோடு காத்திருந்தார். நான் மைக்கை மட்டும்தான் அணைத்திருந்தேன். லைன் கட்டாகவில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். நாங்கள் இருவரும் திரையில் அவர் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவர் கையசைத்தார். அண்ணாத்தேயும் கையசைத்தார்.

அண்ணாத்தே பக்கத்து நூம்பல் கிராமத்துக்காரர். அப்பா அம்மாவுக்குக் கழனி வேலை. இவர் சமையல் கற்றுக்கொண்டு, சென்னையில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் ஒருவரின் பங்களாவில் சேர்ந்து, அவர் மாற்றலாகிப் போன நாடுகளுக்கெல்லாம் கூடவே போனவர். அவரைத் துரை என்றுதான் சொல்வார். எழுபதைத் தாண்டிவிட்டது. என் கடைக்கு வருவது பேசுவதற்கு. நான் பத்தாவதோடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்துதான். மனு எழுத வருகிறவர்கள் பேச்சில் நல்லதாக ஏதாவது விழுந்தால் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துவைப்பேன். அதில் பாதி அண்ணாத்தே சொன்னது. “துரைக்குக் கோவம் வந்தா பக்கத்துல கீற வெண்ணெய்க்குக்கூட தெரியாது” என்பது அவற்றில் ஒன்று.

அந்தத் துரை, இங்கிலாந்தில் ஒரு பிரபு குடும்பத்துப் பிள்ளை. மூன்றாவது, கடைசி. “பெரியவனுக்கு ஊடு, நடுவுலவனுக்குப் பட்டாளம். கடைசிப் புள்ளைக்கு இன்னா கீது? ஊர் ஊரா போய் சிரிக்கிற வேலை.” அந்த வீட்டில் எத்தனை அறை ஒழுகுகிறது என்பது துரையின் அப்பாவுக்கே தெரியாதாம். துரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னைக்குப் பிறகு ஒரு பாலைவன நாடு, அப்புறம் ஆப்பிரிக்காவில் ஒன்று, கடைசியில் வரைபடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு தீவு. அங்கேயே ஓய்வு பெற்றார். பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எல்லாம் அண்ணாத்தேவுக்குத் தட்டுகளாகத்தான் ஞாபகம். “மந்திரி மீனத் தொடவே இல்ல. அப்பவே தெரிஞ்சிபோச்சி, கையெழுத்து ஆவாதுன்னு.”

திரையில் இருந்தவர் துரையின் மூத்த அண்ணன் மகள். துரை போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறேன் என்று எப்படியோ விசாரித்து அண்ணாத்தேவைப் பிடித்திருந்தார். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. துரைக்குப் பிடித்தது என்ன என்று கேட்டார். ரசம் என்றார் அண்ணாத்தே. அம்மாள் வேறு ஏதோ சூப்பின் பெயரைச் சொன்னதும், அது இல்லை, ரசம் என்று திருத்தினார். நானே ஆங்கிலத்தில் பாதி புரிந்துகொள்கிற அளவுக்கு நிதானமாகப் பேசினார்கள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஆப்பிரிக்காவில், துரை தன் பங்களாவிலேயே அந்நாட்டு ஜனாதிபதிக்கு விருந்து கொடுத்தார். ஜனாதிபதி வந்து கைகுலுக்கும்போது துரை தள்ளாடினார், நாக்குக் குழறியது, அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். அடுத்த மாற்றல் தீவுக்கு. அதோடு அவர் உத்தியோகம் முடிந்த மாதிரிதான். வீட்டில் அவரைக் குடிகாரர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். தன் அப்பா சாகும்வரை தம்பியான துரையோடு பேசவில்லை என்றார் அம்மாள். “அப்படியேதான் எழுதப்போகிறேன். உண்மைதானே?” என்று கேட்டார் அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அண்ணாத்தே என்னை மைக்கை அணைக்கச் சொன்னார். லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லவும் சொன்னார்.

“குடிச்சாரா இல்லியா? எதுனா ஒண்ணு சொல்லேன்” என்றேன்.

“சுகர் நைனா.”

“யாருக்கு?”

“துரைக்குத்தான். தெனம் ரெண்டு வேளை ஊசி. மருந்து ஃபிரிட்ஜுல, கடுகு பாட்டிலுக்குப் பின்னால கீது. அவரு, நானு, வேற யாருக்கும் தெரியாது. அன்னிக்கு சாப்பாட்டு நேரம் பாத்து ஊசியப் போட்டுக்கினாரு. ஜனாதிபதி ரெண்டு மணி நேரம் லேட்டு. பெரிய மனுசன் வராம ஒருத்தரும் வாயில வெக்கக் கூடாதாம். சுகர் எறங்கிடிச்சி. வேர்த்துக் கொட்டுது, வாய் கொயறுது. நான் சூப்பு சட்டியோட நின்னுகினு பாக்கறேன்.”

சுகர்தானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது மறைக்கிற சமாச்சாரமே இல்லை. டீக்கடையில் ‘வித்தவுட்’ என்பதைப் பட்டம் வாங்கியவர்கள் மாதிரி சொல்வார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் பெண் பார்க்கப் போனபோது இரண்டு சம்பந்திகளும் ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கல்யாணம் நடந்தது.

“சுகர்னு அப்பவே சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே?”

“சொன்னா மறுநாளே ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கோன்னு பயந்தாரு. சீக்காளிக்கு வெளிநாட்டு வேலை குடுக்க மாட்டாங்களாம். குடிகாரனுக்குக் குடுப்பாங்களாம். அவங்க ஆபீசுல குடிக்கிறவங்க கூட்டம், இன்னொருத்தர் சேந்தா தெரியவா போவுது? காத்தால துரையே மேலிடத்துக்கு எழுதிட்டாரு, நேத்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடிச்சின்னு. மன்னிப்பு வேற கேட்டாரு.”

“சரி, மனுசன் போயாச்சு. இப்ப சொன்னா இன்னா கொறஞ்சிபோவுது?”

“வாக்கு குடுத்துகீறேன். ‘என்கிட்ட வேலை செய்யற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு உடக்கூடாது’ன்னாரு.”

“நீதான் வேலய உட்டு எவ்ளோ வருசமாச்சே!”

“யாரு சொன்னது? தீவுலேர்ந்து நான் ஊருக்குக் கெளம்பறப்ப ஏர்போர்ட்டுல கையக் குடுத்தாரு. ‘பாப்போம்’னாரு. உன்னை நிறுத்திட்டேன்னு சொல்லல. நானும் நின்னுக்கறேன்னு எழுதிக் குடுக்கல. மொறைப்படி நான் இன்னும் வேலையிலதான் கீறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செத்தவருக்கு இன்னா அண்ணாத்தே ஆக்கிப் போடற?”

“நக்கல் பண்ணாத. ஆக்கறது பாதி வேலைதான். மீதி, வாய மூடிக்கறது. அத்தத் தெனம் செய்யறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் அந்த அம்மாள் நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்திருந்தார். எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

“அண்ணாத்தே, அவங்க எழுதிட்டாங்க பாரு. நீ சும்மா இருந்தா அது ஆமான்னுதான் ஆவும். புஸ்தகத்துல வந்துட்சின்னா அப்புறம் உன் துரை என்னிக்கும் குடிகாரன்தான்.”

அண்ணாத்தே திரையையே பார்த்தார். அம்மாள் பேனாவை மூடினார். அண்ணாத்தே எழுந்து கடை வாசல்வரை போனார். ஷேர் ஆட்டோக்காரன் திருவேற்காடா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

“ராஜினாமா அடிப்பியா?”

“யாருக்கு?”

“எனக்குத்தான். தமிழ்லயே அடி.”

அடித்தேன். தாசில்தார் ஆபீசுக்கு மனு அடிக்கிற அதே மாதிரிதான். பெறுநர், துரை அவர்கள். முகவரி கேட்டேன், தீவு விலாசத்தைச் சொன்னார். இன்று முதல் என்னை வேலையிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று போட்டேன். காரணம் என்ன என்றதற்குக் கொஞ்சம் யோசித்து, சொந்தக் காரணம் என்று போடச் சொன்னார்.

பிரிண்ட் எடுத்துத் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், ஒரு காப்பி எடுக்கச் சொல்லி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மைக்கைத் தானே அழுத்தி, அந்த அம்மாளைப் பேனாவைத் திறக்கச் சொல்லி, எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடிக்கச் சொன்னார்.