ஒரு வேகப்பந்துக்கு இரண்டு பொடியன்கள்

பேஸ்போல் ஆட்டம் ஒன்றை நான் இன்றுவரை முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் எந்த அணி தன் இளசுகளைக் கொடுத்துவிட்டு ஒரு பெரிய பந்துவீச்சாளனை வாங்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், அரை மணி நேரம் விடாமல் விளக்குவேன். இந்த ஞானத்தை எனக்கு ஊட்டியவர் ஓர் அமெரிக்கர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ரொட்டி வேகும் ஒரே போறணைக்கு முன்னால் நின்று வேலை செய்தோம். நோர்வேப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த மனிதர். குளிரையும் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் பொறுத்துக்கொண்டார், பேஸ்போலை விட்டுவிட்டு வந்ததை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஜூலை மாதம் வந்தால் அவருக்கு நிலைகொள்ளாது. அந்த மாதத்தில்தான் அங்கே அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளுமாம். காலை ஒன்பது மணிக் கோப்பி இடைவேளையில், இரவு இணையத்தில் பார்த்து அச்சடித்த தாள்களை மேசையில் பரப்பிவிட்டு, யார் கொடுக்க வேண்டும், யார் வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். அவருடைய சட்டம் எளிமையானது. எல்லாம் இருந்து ஒரே ஒரு நல்ல கை மட்டும் குறைவாக உள்ள அணிதான் பொடியன்களைக் கொடுத்துப் பெரியவனை வாங்க வேண்டும். எல்லாமே குறைவாக உள்ள அணி வாங்கினால், அது கூரை ஒழுகுகிற வீட்டுக்குத் தேக்கங்கதவு போட்ட மாதிரி. அப்படிப்பட்ட அணி தன்னிடம் உள்ள பெரியவனைக் கொடுத்துவிட்டு, பொடியன்களை வாங்கி வளர்க்க வேண்டும்.

நான் விடவில்லை. எங்கள் ஆட்கள் விதைநெல்லைக் குற்றிச் சாப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். விதைநெல் என்றால் என்னவென்று விளக்கவே ஒரு கோப்பை கோப்பி ஆறிவிட்டது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "இந்த வருடம் பட்டினி கிடந்து செத்தால், அடுத்த வருடம் விதைப்பது யார்?" என்றார். பதில் வராத கேள்வி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அந்த நோய் உண்டு.

அப்போது நான் எங்கள் தமிழ்க் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர். ஒஸ்லோவின் அம்மருட் பக்கத்து அடுக்குமாடிகளில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் சேர்ந்து நடத்திய கழகம். செயலாளர் என்றால் ஏதோ பதவி என்று நினைக்க வேண்டாம். ஆடுகளத்துப் பாயை விரிக்கிறவனும், மழை வந்தால் அதைச் சுருட்டுகிறவனும், தோற்றால் ஏச்சு வாங்குகிறவனும் நான்தான். அந்தக் கோடையில் அதிசயமாக நாங்கள் வென்றுகொண்டிருந்தோம். இன்னும் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றால் முதல் தடவையாக மேல்பிரிவுக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்து, பேருந்து ஓட்டுகிற எங்கள் ஒரே வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்து சப்பாத்துக்கூடப் போட முடியாத மனுசனை ஓடிவந்து பந்து போடு என்று எப்படிச் சொல்வது?

மேல்பிரிவில் தமிழ்நாட்டுத் தம்பிகளின் கழகம் ஒன்று இருந்தது. கணினிக் கம்பனிகளில் வேலை செய்பவர்கள். அவர்களிடம் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நல்ல உயரம், அவர் போடுகிற பந்து மட்டைக்காரனுக்குத் தெரியுமுன் விக்கெட் காப்பாளரின் கையில் இருக்கும். ஆனால் விடுமுறை வந்ததும் பாதி அணி சென்னைக்கும் மதுரைக்கும் விமானம் ஏறிவிட்டது. பதினொரு பேர் சேரவில்லை. அந்த வருடம் அவர்கள் வெல்லப்போவதும் இல்லை, கீழே விழப்போவதும் இல்லை. எங்களிடமோ இரண்டாம் அணி நிறையப் பொடியன்கள். அமெரிக்கரின் சட்டம் எனக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

அவர்களுடைய தலைவரை நகரத்துக்குள் குறொன்லாண்டில் ஒரு மரக்கறிக் கடையில், கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் பிடித்தேன். முப்பது வயதுப் பிள்ளை, எப்போதும் சிரித்த முகம். விஷயத்தைச் சொன்னேன்.

"சூப்பர் ஐடியாண்ணா," என்றார். "எங்களுக்கு ரெண்டு பசங்களைக் குடுங்க, அவரை நீங்க எடுத்துக்குங்க. சீசன் முடியற வரைக்கும்."

கத்தரிக்காய் வாங்க மறந்து வீட்டுக்குப் போனேன்.

கழகக் கூட்டத்தில்தான் சிக்கல். இரண்டு பொடியன்களைக் கொடுக்கலாம் என்றதும், ஒரு பொடியனின் தகப்பன் எழும்பி, "ஊரான் பிள்ளையெண்டால் நீ குடுப்பாய்தானே," என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்துவிடும். "அப்ப என்ர மகனையும் தாறன்! இப்ப சரியோ?" என்றேன். எழுந்த தகப்பனும் தன் மகனைத் தரச் சம்மதித்தார். அந்தக் கணத்தில் நான் எனக்கு மிகப் பெரிய மனிதனாகத் தெரிந்தேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் மகனுக்கு அப்போது பதினைந்து வயது. இடக்கையால் மெதுவாகச் சுழல்பந்து போடுவான். நன்றாகப் போடுவான் என்று எனக்குத் தெரியும். ஆனால் "செக்ரிட்டரி தன்ர மகனுக்கு இடம் குடுக்கிறான்" என்று நாலு பேர் கதைப்பார்களே என்ற பயத்தில், அவனுக்குப் பந்தைக் கொடுக்காதே என்று இரண்டாம் அணித் தலைவரிடம் நானே சொல்லி வைத்திருந்தேன். இரண்டு கோடைகளும் அவன் எல்லைக்கோட்டில் நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.

கூட்டம் முடிந்த அடுத்த நாள் அவனைக் காரில் கூட்டிப்போகும்போது, "வாற ஞாயிறு துவங்கி நீ இந்தியன் ஆக்களோடை விளையாடுறாய்," என்றேன்.

"ஓகே," என்றான்.

நோர்வேயில் வளர்கிற பிள்ளைகளின் 'ஓகே'யை நம்பி வீடுகூட வாங்கலாம் என்று நினைத்திருந்த காலம் அது. அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று வானொலியைப் போட்டேன்.

திருநெல்வேலிக்காரர் வந்தார். முதல் ஆட்டத்தில் ஐந்து விக்கெட், அடுத்ததில் நான்கு. "கெதியாப் போடுங்கோ" என்று நாங்கள் கத்த, அவர் விளங்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வேகமாகத்தான் போடச் சொல்கிறோம் என்று தெரிந்ததும் இன்னும் வேகமாகப் போட்டார். நாங்கள் மேல்பிரிவுக்குப் போனோம். ஆட்டம் முடிந்து கொத்துரொட்டி போட்டுக் கொண்டாடினோம். அடுத்த நாள் போறணைக்கு முன்னால் அமெரிக்கர், தானே பந்து போட்டு வென்றதுபோல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மகன் விளையாடிய ஒரு ஆட்டத்துக்கும் நான் போகவில்லை. எங்களுக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆட்டம். அவன் மாலையில் மண் பிடித்த காற்சட்டையோடு வருவான். எப்படி என்று கேட்டால், "பரவால்ல" என்பான், அசல் மதுரை ஆள் மாதிரி. மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர்களுடைய தமிழ் அவனுக்கு இரண்டு மாதத்தில் ஒட்டிவிட்டது.

செப்டெம்பரில் ஒரு நாள் வேலை முடிகிற நேரம், போறணை இரைந்துகொண்டிருக்க, என் கைப்பேசி அடித்தது. தமிழ்நாட்டுத் தலைவர். பாதி கேட்டது, பாதியை இயந்திரம் விழுங்கியது. கடைசியாகக் காதில் விழுந்தது இதுதான்:

"நேத்து உங்க பையன உக்கார வச்சு... நல்லாப் பேசினேண்ணா."

யாழ்ப்பாணத்தில் ஒருவரை நன்றாகப் பேசுவது என்றால் கிழிகிழியென்று கிழிப்பது. வாயால் உரையாடுவதற்கு நாங்கள் கதைப்பது என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டில் பேசுவது என்றால் வேறு என்று எனக்குத் தெரியாதா? எத்தனை படம் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளை என்று வந்ததும் காது ஊர்க் காதாகிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்ன சொல் அல்ல. பிள்ளையைத் தூக்கி அந்நியரிடம் கொடுத்துவிட்டு எட்டியும் பார்க்காமல் இருந்தவன் நான். அவனை அங்கே ஏசுகிறார்கள் என்ற நினைப்பு, உள்ளே ஏற்கெனவே ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

மாவு படிந்த வெள்ளை உடுப்போடு காரை எடுத்தேன். அவர்கள் பயிற்சி செய்கிற மைதானத்தில் இறங்கி நேரே தலைவரிடம் போனேன்.

"தம்பி, என்ர பிள்ளைக்குப் பேச நீர் ஆர்?"

அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "என்னண்ணா இப்படிக் கேக்குறீங்க? நான் பேசாம வேற யாரு பேசுவா? டெய்லிதான் பேசறேன்."

"ஒவ்வொரு நாளுமோ!"

"எல்லாப் பசங்ககிட்டயும் பேசுவேண்ணா. பேசினாத்தானே ஆட்டம் நல்லா வரும்?"

"பெத்த தேப்பன் நான். இந்தப் பதினைஞ்சு வருசத்திலை என்ர பிள்ளைக்கு நான் ஒரு நாளாவது பேசினதில்லை, தெரியுமோ!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தை ஒரு வினாடி பார்த்தார். பிறகு, நோயாளியிடம் கேட்பதுபோல் மெல்ல, "ஒரு நாள்கூடப் பேசினதில்லையா? ஏண்ணா?" என்றார்.

மகன் பந்தைக் கையில் வைத்தபடி ஓடிவந்தான். முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அப்பா, அவை பேசுறது எண்டால் கதைக்கிறது. அவர் என்னை ஏசேல்லை, என்னோடை கதைச்சவர்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "எங்க ஊர்ல பேசறதுன்னா திட்டறதுண்ணா," என்றான். தலைவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

"என்ன கதைச்சவர்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசமும் தங்களோடை நிக்க விருப்பமோ எண்டு கேட்டவர். முந்தியும் கேட்டவர், வந்த முதல் நாளே. உனக்கு இஞ்சை விளையாட விருப்பமோ, இல்லாட்டி அப்பா சொன்னதுக்காக வந்தனியோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அப்பாவோடை கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டனான்."

அவனைக் கொடுத்தபோது நான் அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தப் பிள்ளையோ, போவதற்கு முன் என்னோடு கதைக்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். மாவு உதிர்கிற சட்டையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

தலைவர் மற்றப் பொடியன்களைக் கூப்பிட்டுக்கொண்டு விலகிப் போனார். நானும் மகனும் காரடிக்கு நடந்தோம்.

"சரி, இப்ப கதைப்பம்," என்றேன். "உனக்கு எங்கை விளையாட விருப்பம்?"

அவன் பந்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான். "கோவிக்கமாட்டியளோ?"

"மாட்டன்."

"இஞ்சை."

அடுத்த வருடம் இரண்டு கழகங்களும் ஒரே பிரிவில். அவனுக்கு எதிராகத்தான் எங்கள் ஆட்கள் விளையாட வேண்டிவரும். அதை எடுத்துச் சொல்லி, ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அங்கை நான் உங்கட மகன், அப்பா," என்றான். "இஞ்சை நான் பந்து போடுறவன்."

கோவிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கோபம் வரவும் இல்லை. அவன் சொன்னது உண்மை என்பதால் நோவு மட்டும்தான் இருந்தது.

கழகம் மாறுகிற பத்திரம் தலைவரின் பையில் இருந்தது. மகன் போய் வாங்கிவந்தான். காரின் முன்மூடியில் வைத்துப் பார்த்தேன். விட்டுக்கொடுக்கும் கழகத்தின் செயலாளர் ஓரிடத்திலும், பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோர் இன்னோர் இடத்திலும் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு பேரும் நான்தான். செயலாளரின் இடத்தில் உடனே போட்டுவிட்டேன். தகப்பனின் இடத்தில் பேனாவை வைத்தபோது முதல் எழுத்தே கோணிப்போயிற்று.

"குளிர்," என்றேன்.

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு தாள் பறக்காமல் இருக்க அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, "ஓம் அப்பா, சரியான குளிர்," என்றான்.