முழங்கால் தண்ணீரில் காபி

புயல் கரையைக் கடந்து மூன்றாவது நாள். சாலையில் மரம் கிடப்பதால் அரியாங்குப்பத்தோடு பேருந்து நின்றுவிடுகிறது. திறந்திருப்பது செல்வி அக்காவின் காபிக் கடை மட்டும். வீட்டில் தண்ணீர் புகுந்தவர்களிடம் அவர் காசு வாங்குவதில்லை.

சேதத்தைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்கெடுக்கிறார். ஷூவில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பின்னாடி தெருவுல பெரிசா பாதிப்பில்லன்னு எழுதிக்கிறேன்மா. ஒரு காபி போடு."

"பால் தீந்துபோச்சு சார். மீதி காபி இந்தக் கேன்லதான் இருக்கு. அந்தத் தெருவுக்குத்தான் எடுத்துனு போறேன். வாங்க, அங்க தரேன்" என்கிறார் அக்கா.

கேனைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்குகிறார். ஷூவைக் கையில் பிடித்தபடி அரசாங்கம் பின்னாலேயே போகிறது. கடல் சீற்றத்தைப் படமெடுக்க வந்த நானும் போகிறேன். எனக்கும் காபிதான் வேண்டும்.

முதல் வீட்டில் ஒரு பக்கச் சுவரே இல்லை. கட்டில்மேல் அடுப்பு, அடுப்புமேல் கோழி. அதிகாரி டம்ளருக்குக் கை நீட்டுகிறார்.

"மொதல்ல இந்த வூட்ட எழுதுங்க சார். இன்னும் பதினாறு வூடு இருக்கு."

பதினேழையும் எழுதிய பிறகே டம்ளர் அவர் கைக்கு வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிக்கிறார்.

"என்னம்மா, சர்க்கரை கம்மியா இருக்கு?"