இடுப்பு உயரத்தில் ஓர் இடைவெளி

திருவனந்தபுரத்தில் ஒருத்தி குளிரால் கஷ்டப்பட்டாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மழை பெய்யும்போதுகூட வியர்க்கும் ஊர் இது. ஆனால் எங்கள் அலுவலகத்தின் சர்வர் அறைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரத்திலேயே மூக்கு நுனி சில்லிட்டுப்போகும். அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. நான் உள்ளே போவேன், வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருவேன். நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்து திரையைக் கவனிக்க வேண்டியவள் ஆபரேட்டர். அவளுக்கு நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். சின்ன விஷயம்தானே என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு கேட்கவில்லை.

அவள் பொன்முடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வித்துராவிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். நானோ கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். அலுவலகம் மொத்தமும் மலையாளம் பேச, எங்கள் இருவருக்கு மட்டும் தமிழ். என் வீட்டுத் தமிழைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவள் வாக்கியத்துக்கு வாக்கியம் மலையாளத்து ‘கேட்டோ’ போடுவதை நான் கிண்டல் செய்வேன். ஊர்க் கதை, மாமியார் கதை எல்லாம் அந்த அறையில்தான் பேசியிருக்கிறோம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் கான்ட்ராக்ட் ஊழியர். பிரசவமாகி இரண்டு மாதத்திலேயே வேலைக்குத் திரும்பிவிட்டாள். இன்னும் தாமதித்தால் ஏஜென்சிக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயம். குழந்தையை அவள் அம்மா பார்த்துக்கொண்டார். நான் நிரந்தர ஊழியர், என் பிரசவத்துக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தேன். பச்சை உடம்பு, பச்சை உடம்பு என்று என் அம்மா என் காதில் பஞ்சை அடைத்து, தலையில் துண்டைக் கட்டி, மின்விசிறியைக்கூடப் போட விடாமல் என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள். ஆகவே பிள்ளை பெற்றவளின் உடம்பில் குளிர்காற்று படலாமா கூடாதா என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெரியாமல் செய்துவிட்டாள் பாவம் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் திரும்பி வந்த சமயத்தில் ரேக்குகளில் சூடு அதிகம் என்று அடிக்கடி அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. ரேக் என்பது சர்வர்களை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரி. முன்பக்கம் ஏசியின் குளிர்ந்த காற்றை சர்வர்கள் இழுக்கும், பின்பக்கம் அதைச் சூடாக்கி வெளியே தள்ளும். நடுவில் சர்வர் இல்லாமல் காலி இடம் இருந்தால் பின்னால் போன சூடு அந்த வழியாக முன்னால் திரும்பி வந்துவிடும். மேலே இருக்கும் சர்வர்கள் அந்தச் சூட்டையே மறுபடி இழுத்துக்கொண்டு தவிக்கும். அந்தக் காலி இடத்தை அடைக்கும் தகட்டுக்குப் பிளாங்கிங் பேனல் என்று பெயர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் ஏசியைக் கூட்டாமலே அலாரம் நின்றுவிடும். வீணாகப் போகிற எதையும் பார்த்தால் எனக்கு ஆகாது. வீட்டில் குழாய் சொட்டினால் தூக்கம் வராத ரகம் நான்.

முதலில் பிளாஸ்டிக் பேனல்களை வாங்கினேன். இரண்டு ஓரமும் கிளிப், கையால் அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும், கையாலேயே எடுத்தும்விடலாம். நாளைக்குப் புதிய சர்வர் வந்தால் சுலபம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு ரேக்காக நான் மாட்ட, அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அவள் மேசைக்குப் பின்னால் இருந்த ரேக்கில், இடுப்பு உயரத்தில், ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதையும் மூடினேன். எல்லாவற்றையும் மூடத்தான் வேண்டுமா என்று கேட்டாள். நான் உற்சாகமாகக் காற்றோட்டம் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன்.

மறுநாள் அந்த இடுப்பு உயரத்துப் பேனல் மட்டும் கழன்று ரேக்கின் தலையில் கிடந்தது. மாட்டினேன். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கேபிள் வேலை பார்க்க வந்தவர்களைத் திட்டினேன். எலெக்ட்ரீஷியன் தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார், அவரையும் விடவில்லை. நல்ல மனிதர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது தனிக் கதை.

ஒரு மத்தியானம் மறந்துவைத்த சாவியை எடுக்க உள்ளே போனேன். அவள் நாற்காலியை ரேக்கை ஒட்டிப் பின்னால் தள்ளி, இடைவெளிக்கு நேராக இடுப்பைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தலையோடு சேர்த்துச் சால்வை, காதில் பஞ்சு. கண்ணை மூடியிருந்தாள். சர்வர்களின் இரைச்சலில் கதவு திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. பிரசவமான இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்களே, அப்படி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சாவியைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பேசினால் ஏதாவது முடிவு எடுக்க வேண்டும். இடைவெளியைத் திறந்து விட்டால் அந்த ரேக்கின் மேல் சர்வரில் அலாரம் வரும், ஏசியைக் கூட்டாமலே அலாரத்தை நிறுத்திக் காட்டுகிறேன் என்று மேலாளரிடம் நான் கொடுத்த வாக்குப் போய்விடும். அவளை வெளியே உட்கார வைக்கச் சொன்னால், ‘வெளியிலிருந்தே திரையைப் பார்க்கலாம் என்றால் ஆபரேட்டர் எதற்கு’ என்று அவர் கேட்பார். ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அவள் வேலைக்கே உலை வைத்ததாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. அவளைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் என் அலாரத்தைக் காப்பாற்றிக்கொண்டேன் என்பதும் உண்மை.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது தடவை பேனல் தேர்ந்தெடுத்தேன். பழவங்காடிப் பக்கத்துக் கடைக்காரர் கிளிப் மாடலைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள் என்றார். எனக்கு இரும்புத் தகடுதான் வேண்டும், நாலு மூலையிலும் ஸ்க்ரூ வேண்டும், சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு மசியாத தலையாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அவ்வளவு பந்தோபஸ்து எதற்கு என்று கேட்டார். ஆட்கள் கழற்றிவிடுகிறார்கள் என்றேன். ஆட்கள் என்று பன்மையில் சொன்னது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

மாட்டுகிற அன்றும் அவள்தான் உதவிக்கு நின்றாள். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. இடுப்பு உயரத்துத் தகட்டை நான் கையில் எடுத்தபோது கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

“அக்கா, இதொண்ணு மட்டும் விட்டுரலாமா?”

அப்போது நான் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. காரணம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அப்படியும், ஒன்றும் அறியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஏன், என்னத்துக்குக் கேக்கறே?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்.”

நான் நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினேன்.

அலாரம் நின்றது. மேலாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள், அப்புறம் அதன்மேல் சால்வை. எழுந்து நிற்கும்போது ஒரு கை இடுப்புக்குப் போகும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன், பரவாயில்லை என்பாள். அதைக் கேட்டு நிம்மதியாக என் இடத்துக்குப் போய்விடுவேன். இதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒரு திங்கள்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரக் கடைசியில், அவள் வேலையை விட்டுவிட்டதாக ஏஜென்சியிலிருந்து சொன்னார்கள்.

அவள் இடத்துக்கு ஓர் ஆள் வந்தான், நெய்யாற்றின்கரைக்காரன், வாய்த்துடுக்கு. இரண்டாம் நாளே அறையிலிருந்து வெளியே வந்து, இந்தக் குளிரில் மனுஷன் உட்காருவானா என்று மலையாளத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். பிறகு யாரையும் கேட்காமல் மேசையை இழுத்துக்கொண்டு போய் ரேக்குகளுக்குப் பின்னால் போட்டான். திரைக்கு நீளமான கேபிள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். என் இழுப்பறை நிறைய இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கமாக வந்த மேலாளர் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேக்கின் பின்பக்கம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது அந்த அலுவலகத்தில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. எந்த மூலையில் எவ்வளவு சூடு என்று படமே வரைந்து வைத்திருந்தேன். மேசையைப் பின்னால் போடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியும் செய்யாமல் விட்டிருந்தால்கூட இந்த அளவு வெட்கப்பட மாட்டேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த நான், அவளை எங்கே உட்கார வைக்கலாம் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தேன். மேசையைச் சூடான பக்கத்துக்கு மாற்றிவிட்டோம், குளிரே இல்லை, ஏஜென்சியில் நான் பேசுகிறேன், வந்துவிடு என்று மூச்சு விடாமல் சொன்னேன். கழற்றியது நீதான் என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பால் வத்திப்போச்சுக்கா. இப்ப டப்பா பாலுதான் குடுக்கேன். அது பிள்ளைக்குச் சேரல, வயித்துல போவுது. வுட்டுட்டு வர ஒக்காது.”

குளிருக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லக்கூடும். அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டாள்.

“அந்த மேசய அப்பவே அங்க மாத்தியிருக்கலாமாக்கா?”

“மாத்தியிருக்கலாம்” என்றேன்.

குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.