அவள் எண்ணவில்லை

ஆட்டோவில் என் மடியில் இருப்பது நீலத் துணிப்பை. கைப்பிடி இரண்டு, ஜிப் ஒன்று, உள்ளே மடித்த துணி இரண்டு. பத்தொன்பது வருஷம் அது என் மனைவியின் தோளில் தொங்கியது.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு அவளுக்குத் தும்மினால், சிரித்தால், பஸ் குலுங்கினால் சிறுநீர் கசிந்துவிடும். யாரிடமும் சொல்லமாட்டாள், பையில் ஒரு மாற்றுப் பாவாடையோடு கிளம்புவாள். எங்கள் மந்தைவெளி வீட்டு மாடிப்படி இருபத்திரண்டு, எதிர்வீட்டுத் தொட்டிச் செடி ஒன்பது என்று எதையும் எண்ணிவைப்பவன் நான். அவள் கழிப்பறைக்குப் போவதையும் எண்ணினேன். திருவான்மியூர் கோயிலில் ஒருநாள், எங்கள் பெண்ணின் மாமனார் முன்னாலேயே, "காலையிலேருந்து இது ஏழாவது தடவை" என்றேன். "சம்பந்தி கணக்குல புலிங்க!" என்று அவர் சிரித்தார். அவள் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அதன்பின் அவள் என்னோடு எங்கும் வரவில்லை. கல்யாணம் நான்கு, கச்சேரி பதினொன்று, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "முட்டி வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க."

போன வருஷம் எனக்குக் குடலில் ஆபரேஷன். தையல் ஆறிவிட்டது; ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்தாலே வேட்டி நனைந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் மனைவிதான் அழைத்துப்போனாள். "அடியில தூளி மாதிரி ஒரு தசை இருக்கு சார். வயித்துல கத்தி வெச்சா சிலருக்கு அதுவும் தளர்ந்துடும். ஒண்ணுக்கை அடக்குற மாதிரி உள்ள இழுங்க, அஞ்சு எண்ணுங்க, விடுங்க" என்றாள் அந்தப் பெண். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணினேன். "மூச்சை விடுங்க சார், பரீட்சையா எழுதறீங்க?"

பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கசியுது?" என்று கேட்டாள். எண் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் வேட்டிகளையெல்லாம் அலசிக் காயப்போட்டவள் இவள்.

"நான் எண்ணலைம்மா" என்றாள் மனைவி.

"பதினாலு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இவளுக்கும் இருக்கு. பத்தொன்பது வருஷமா."

"உங்களை யாரு கேட்டா?" என்று மனைவி சீறினாள்.

"இதுக்கு ஏம்மா கோபம்? நீங்களும் செய்யலாம். இப்பவும் பலன் இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை நான் பயிற்சிக்கு உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

எட்டு மாதமாகிறது. எனக்குப் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. அவளுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இன்று திருவான்மியூர் கோயிலுக்குப் போகலாம் என்றது அவள்தான். பையில் ஒரு வேட்டி, ஒரு பாவாடை. வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு பேரும் உள்ளே இழுத்துப் பிடிக்கிறோம். பை மேலிருக்கும் என் கையில், சத்தமில்லாமல், ஐந்து வரை அவள் விரல் தட்டுகிறது.