உள்ளங்கைச் சூடு

திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் அவரைப் பார்த்தேன். உள்ளே அவருடைய மனைவியும் என் தம்பியும் இருந்தார்கள். நரைத்த மீசை, ஒல்லியான உடம்பு. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"குளுருதா அண்ணாச்சி?" என்றேன்.

"இல்ல வே, பழக்கம்." ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கவனிப்பது அவர் வேலையாம். "ஒரு மருந்துக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். இன்னொண்ணுக்கு மூச்சு பைய எறங்கிரும். எதைக் குடுத்தாலும் உடம்பு சில்லுன்னு ஆயிரும். உள்ளங்கையில பொத்தி வச்சா பைய முழிச்சிரும்."

"எல்லாமுமா?"

அவர் மறுபடியும் உள்ளங்கைகளைத் தேய்க்கத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் டாக்டர் வெளியே வந்து அவர் தோளைத் தொட்டார். பின்னாலேயே மனைவியை முகம் மூடிக் கொண்டுவந்தார்கள். அவர் அழவில்லை. கால்மாட்டில் போர்வையை விலக்கி, அந்தப் பாதங்களை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"விட்டுருங்க அண்ணாச்சி" என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் பொறும்மா. என் கை இன்னும் சூடாத்தான் இருக்கு."

மாலையில் தம்பி கண் விழித்தான். அவன் பாதங்கள் என் கைகளுக்குள் இருந்தன. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.