விபூதி போட்டுத் தேய்த்த கடிகாரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முதல் நாள். கோயம்புத்தூரில் நான் சமையல் வேலை பார்க்கும் வீட்டில் நடந்தது இது.

அந்த வீட்டு ஐயா மில்லில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பாக்கெட் கடிகாரம் என்றால் அவருக்கு உயிர். எல்லாம் சுவிட்சர்லாந்தில் ஏதாவது ஒரு விழாவின் நினைவாகக் கொஞ்சமே கொஞ்சம் செய்தவை. அவை இருக்கும் கண்ணாடி அலமாரியைத் தொடக் கூடாது என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். தொட்டதும் இல்லை.

அன்று ஒன்று மட்டும் மேஜைமேல் இருந்தது. துப்பாக்கி சுடும் போட்டிக்காகச் செய்ததாம். வெள்ளி மூடியில் ஒரு சிப்பாய் உருவம். மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து, ஐயா பல வருடமாகத் தேடும் கடிகாரத்தைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வருகிறவர் பார்க்கிற பொருள் இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. பூஜைக்காக வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதே கையோடு இதையும் தேய்த்துவிட்டேன்.

காரைக் கழுவ வந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, இது புதுசாட்டம் இருக்குது? பழசை வித்துப்போட்டு வேற வாங்கி வெச்சுட்டீங்கன்னு சொல்லப்போறாங்க" என்று சிரித்தார். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு, ஐயா அதை அழுத்தித் துடைக்கக்கூட மாட்டார் என்றார்.

கடிகாரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஐயா ஊரில் இல்லை, ராத்திரிதான் வருவார். போன் செய்யப் பயம். வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. வேலை போனால் போகட்டும், இந்த வயதில் திருடி என்று பேர் வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

காலையில் பஸ்ஸில் வார்த்தையைக் கோத்துக்கொண்டே போனேன். ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடியின் கீலில் விபூதி ஒட்டியிருந்தது. "நான்தானுங்க ஐயா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அவர் அந்த விபூதியை வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தார். பிறகு, போய்க் காபி போடச் சொன்னார்.

பொள்ளாச்சிக்காரர் வந்து கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது. யார் இதைத் தேய்த்தது என்று கேட்டார். நான் காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நாந்தானுங்க. பூஜைக்குப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு தேச்சுப்போட்டேன்" என்றார் ஐயா.

"இத்தனை வருசமா சேத்தறீங்க, இதுகூடத் தெரியாதுங்களா?"

வந்தவர் தன் கடிகாரத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஐயா அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இன்றைக்கும் அங்கேதான் சமைக்கிறேன்.

அன்று பட்ட பயமெல்லாம் போய்விட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அடி முன்னால் வைக்காமல், என் தப்புக்கு அவரைத் தலைகுனிய விட்டேனே, அது மட்டும் போகவில்லை. நாலு பேர் முன்னால் பேச வராத நான், அன்று சொல்லாததை இங்கே எழுதியாவது சொல்லிவிடுகிறேன்: அதைத் தேய்த்தது ஐயா இல்லை, நான்.