கடல் பர்னபாஸின் கம்பி

ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவர் பெயர் கடல் பர்னபாஸ். மரியாதைக்கு அல்ல, கிண்டலுக்கு. தங்க வயலுக்கு வருமுன் மனிதர் தந்திக் கம்பி போடும் கப்பலில் மூன்று வருடம் இருந்தவர். "கடலுக்கடியில கம்பிய ஒட்டவெச்சது இந்தக் கைதான்" என்று சாராயக்கடையிலிருந்து சர்ச் வாசல்வரை அளந்துகொண்டிருந்தார்.

அது சுரங்கத் துரையின் காதுக்கும் போயிற்று. ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்குச் சுரங்கத்தின் அடியிலிருந்து சைகை தரும் மின்மணி, ஷாப்ட் குழியில் கசிந்த தண்ணீரால் அடிக்கடி ஊமையாகிக்கொண்டிருந்த வருடம் அது. துரை சொன்னார்: சனிக்கிழமை மணி அடித்தால் பர்னபாஸுக்குக் கம்பி வேலை, இல்லாவிட்டால் பழையபடி மண்வெட்டி.

பர்னபாஸ் மரப்பால் பிசினைச் சூடாக்கி, மணிக் கம்பித் துண்டுகளின் இரு முனைகளையும் சேர்த்துப் பூசினார். கப்பல் வழக்கப்படி அதை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மனைவி பாக்கியவதி கல்யாணச் சீர் அண்டாவை, அன்றைய தண்ணீரோடு, தூக்கிக் கொடுத்தாள். சோற்றுக்கு உலை வைக்க அடுத்த வீட்டு மங்கம்மாவிடம் கடன் தண்ணீர், கூடவே வசவு.

மறுநாள் பாட்டரியின் ஒரு முனையைக் கம்பியில் மாட்டி, மறுமுனையை நாக்கில் வைத்து, விரலை அண்டாவில் விட்டார். ஒட்டு கசிந்தால் நாக்கு புளிக்கும். புளித்தது. அவர் முகமும்தான்.

வெற்றிலைச் சுண்ணாம்பு படிந்த விரலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கை கழுவாதவன ஒட்டு போடற எடத்துக்கே விடமாட்டாங்க!"

"அப்ப மொதல்லயே இன்னாத்துக்கு கழுவல?"

பர்னபாஸ் விரலை வேட்டியில் தேய்த்தார். பாக்கியவதி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கை கழுவச் செம்பை நீட்டினாள். அவர் ஒட்டைப் பிரித்துப் புதிதாகப் போட, கம்பி இரண்டாம் நாளும் அண்டாவில் ஊறியது, மங்கம்மா இரண்டு மடங்கு திட்டினாள். இந்த முறை நாக்கு புளிக்கவில்லை.

சனிக்கிழமை சுரங்கத்தின் அடியில் கூட்டாளி வேலு பொத்தானை அழுத்த, மேலே மணி கணீரென்று அடித்தது. பர்னபாஸுக்கு ஆனந்தத்தில் கண்ணே நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குரல் இறங்கியது. "பாக்கியம், கப்பல்ல நான் ஒட்டு போடல. கம்பிச் சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க சுண்ணாம்பு அடிச்சேன். அவ்ளோதான்."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீங்க கை கழுவாத அன்னிலேருந்து. அதான், கத்துக்கட்டும்னு ரெண்டாம் நாளும் அண்டாவக் குடுத்தேன்."